போர்ப்பழியும் சதியும்: திருவொற்றியூர், உடையார்குடிக் கல்வெட்டுகளும் ‘பொன்னியின் செல்வன்’ காட்டும் இளவீரனும்

முன்னுரை

சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையுண்ட செய்தி, பத்தாம் நூற்றாண்டுத் தமிழக வரலாற்றின் தீராச் சிக்கல்களுள் ஒன்றாகும். அக்கொலைக்குக் காரணமாக இன்று பெரும்பாலோர் கூறும் விளக்கம் ஒன்றே: போர்க்களத்தில் வீரபாண்டியன் தலையை ஆதித்தன் கொய்தான், பாண்டியனுக்கு உரியோர் அதற்குப் பழி தீர்த்தனர். இவ்விளக்கத்தை மக்கள் மனத்தில் நிலைநிறுத்தியது கல்வெட்டன்று. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ புதினமே. புதிதாகப் படையில் சேர்ந்த இளைஞன் ஒருவன் ஓலையுடன் புறப்பட்டு, வழியில் சதியொன்றின் நூலிழையைக் கண்டு, அதைப் பற்றிச் செல்லும் கதையமைப்பு அப்புதினத்துக்கு உரியது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்த திரைப்படங்களுக்குப் பின் இவ்விளக்கம் மேலும் வலுப்பெற்றுள்ளது.

புதினம் தன் பணியைச் செவ்வனே செய்துள்ளது. அதில் குறை காண்பதற்கில்லை. ஆயின் ‘பாண்டியர் பழிவாங்கினர் என உடையார்குடிக் கல்வெட்டுக் கூறுகிறது’ என்னும் தொடர் ஆய்வுரைகளிலும் இடம்பெறத் தொடங்கியிருப்பது கவனத்திற்குரியது. கல்வெட்டு அவ்வாறு கூறவில்லை. போர்ப்பழி என்னும் உணர்வு அக்காலச் சான்றுகளில் எங்கே வெளிப்படுகிறது, சதி எங்கே வெளிப்படுகிறது, இரண்டையும் இணைக்கும் கண்ணி எங்கிருந்து வந்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இதற்குத் தொடக்கமாக அமைவது உடையார்குடி அன்று. அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்னர்த் திருவொற்றியூரில் பொறிக்கப்பட்ட ஒரு வடமொழிக் கல்வெட்டு. ஒரே போர்த்தொடரில் தலைவனை இழந்த ஒருவனின் உள்ளத்தைக் காட்டும் சான்று அது. உடையார்குடிக் கல்லின் மௌனத்தை மதிப்பிட அதனினும் சிறந்த அளவுகோல் கிடைப்பது அரிது.

ஒற்றியூர்க் கோயிலும் வடபுலப் போர்களும்

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் கடற்கரைப் பகுதி இன்று துறைமுகமும் ஆலைகளும் நிறைந்த நிலம். அதன் இடையே அமைந்த திருவொற்றியூர், மூவர் தேவாரமும் பெற்ற பழம்பதி. அங்குள்ள ஆதிபுரீசுவரர் கோயிலில் பல்லவர், சோழர், இராட்டிரகூடர் காலக் கல்வெட்டுகள் நூற்றுக்கும் மேலாகப் படியெடுக்கப்பட்டுள்ளன. தொண்டை மண்டலத்தின் வடகிழக்கு விளிம்பில், நெல்லூர் நோக்கிச் செல்லும் வழியை ஒட்டி இத்தலம் இருந்தமையால், வடபுலப் போருக்குச் சென்று மீண்ட படைத்தலைவர்கள் இங்கே அறங்கள் செய்தனர். முதற் பராந்தகனின் 34ஆம் ஆட்சியாண்டில், சீட்புலியை வென்று நெல்லூரை அழித்து மீண்ட மாறன் பரமேசுவரன் என்னும் செம்பியன் சோழியவரையன் இக்கோயிலில் நந்தா விளக்கு வைத்தான். வெற்றியின் பயனாக விளக்கு ஒளிர்கிறது. வென்றவன் பெயர் கல்லில் நிற்கிறது. போர்வீரர் கொடைகளின் வழக்கமான வடிவம் இதுவே.

சில ஆண்டுகளில் நிலை மாறியது. 949இல் தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் படையோடு சோழர் பொருதனர். பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தவாறே உயிர் துறந்தான். ‘ஆனைமேல் துஞ்சின’ என்பது அவனுக்குப் பின்னாளில் வழங்கிய அடை. அவனைக் கொன்றவன் கங்க மன்னன் பூதுகன் என்பதைக் கருநாடகத்தின் ஆதகூர்க் கல்வெட்டு உரைக்கிறது. அப்போருக்குப் பின் தொண்டை மண்டலத்தின் பெரும்பகுதி கிருட்டிணனின் ஆட்சிக்கு உட்பட்டது. திருவொற்றியூர்க் கல்வெட்டுகளிலும் சோழ மன்னரின் பெயருக்கு மாறாகக் கன்னரதேவன் என்னும் பெயரும் அவன் ஆட்சியாண்டும் இடம்பெறத் தொடங்கின.

அக்கன்னரதேவனின் 20ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 959இல், பொறிக்கப்பட்டதே சதுரானன பண்டிதரின் கல்வெட்டு. வே. இராகவன் பதிப்பித்த இக்கல்வெட்டின் செய்தி வருமாறு: கேரள நாட்டில் பிறந்த வல்லபன் என்பவன் கலைகள் பல பயின்று சோழ நாட்டுக்கு வந்து, இராசாதித்தனுக்கு உற்ற துணைவனாகவும் படைத்தலைவனாகவும் விளங்கினான். இராசாதித்தன் களத்தில் மாண்டபோது அவன் அருகில் இருக்கவில்லை. தலைவனோடு தானும் மாளாமல் உயிர் வாழ்தல் தன் பிறப்புக்கும் தன் தலைவனுக்கும் தகாது எனக் கருதி உலகப் பற்றைத் துறந்தான், கங்கையில் நீராடினான், பின் திருவொற்றியூர் வந்து நிரஞ்சன குருவிடம் தீக்கை பெற்றுச் சதுரானன பண்டிதன் என்னும் பெயருடன் மடத்தின் தலைமையை ஏற்றான். தன் பிறந்த நாண்மீனில் இறைவனுக்குச் சிறப்பு வழிபாடு நிகழப் பொன் அளித்ததே கல்வெட்டின் நடைமுறை நோக்கம்.

இராசாதித்தனின் படைத்தலைவனாகத் திருமுனைப்பாடி நாட்டில் இருந்து, 943இல் கிராமம் என்னும் ஊரில் கற்றளி எடுப்பித்த வெள்ளங்குமரன் என்னும் கேரளனையும் இவரையும் ஒருவராகவே கருதிய அறிஞர் உளர். அது உறுதிப்படாவிடினும், இராசாதித்தனின் படையில் மலையாளத்து வீரர் பெற்றிருந்த இடத்தை அவ்வூர்க் கல்வெட்டு காட்டுகிறது.

இக்கல்வெட்டில் மூன்று செய்திகள் எண்ணிப் பார்க்கத்தக்கன. முதலாவது, தலைவன் மாண்டபின் உயிர் வாழ்தல் இழுக்கு என்னும் கருத்து. உடன் மாய்தலே கடன். அது தவறின் அதற்கு ஈடு தேடவேண்டும். வேளைக்காரர் என்னும் மெய்காவற் படையினரின் சூளுறவும் இவ்வகையினதே. இரண்டாவது, அவ்வீடு பழிவாங்கலாக அமையவில்லை. கொன்றவன் பூதுகன் என்பது அறியப்பட்ட செய்தி. ஆயினும் வல்லபன் பகைவனைத் தேடிச் செல்லவில்லை, கங்கைக்குச் சென்றான். மூன்றாவதே மிகவும் நுட்பமானது: தன் தலைவன் வீழ்ந்த துயரை, அவனை வீழ்த்திய பேரரசனின் ஆட்சியாண்டைத் தலைப்பில் இட்டே அவர் கல்லில் பொறிக்க நேர்ந்தது. பகைவன் ஆளும் ஊரில், பகைவனின் காலக்கணக்கில், பகையைக் குறித்து ஒரு சொல்லும் இன்றி நட்பையும் நாணத்தையும் மட்டும் அக்கல்வெட்டு பேசுகிறது. பகைச்சொல் இன்மைக்குத் துறவின் பக்குவமும் காரணமாகலாம். அரசியல் எச்சரிக்கையும் காரணமாகலாம். இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

எவ்வாறாயினும் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் மனித உள்ளத்தின் காரண காரியத்தைச் சொல்ல வல்லன என்பதற்கு ஒற்றியூர்க் கல் சான்றாகிறது. இதனை மனங்கொண்டே உடையார்குடிக்குச் செல்லவேண்டும்.

தலைகொள்ளுதல் என்னும் அடைமொழி

தக்கோலத் தோல்விக்குப் பின் சோழர் வலிமை குன்றியிருந்தபோது தெற்கே பாண்டியர் மீண்டும் தலையெடுத்தனர். அக்காலப் பாண்டிநாட்டுக் கல்வெட்டுகளில் ‘சோழன் தலைகொண்ட’ வீரபாண்டியன் தோன்றுகிறான். அவனால் தலைகொள்ளப்பட்ட சோழன் யாவன் என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. பராந்தகன் மக்களுள் ஒருவனான உத்தமசீலியாகலாம் என்பது ஒரு கருத்து. பின்னர்ச் சுந்தர சோழன் காலத்தில் சேவூரில் பெரும்போர் நிகழ்ந்தது. இளையவனான ஆதித்தன் அதில் வீரபாண்டியனோடு பொருத செய்தியை ஆனைமங்கலச் செப்பேடு சிங்கக்குருளை மதயானையோடு விளையாடியதாக உவமை முகத்தால் உரைக்கிறது. திருவாலங்காட்டுச் செப்பேடோ பாண்டியன் தலையை ஆதித்தன் தன் நகரில் வெற்றித் தூணாக நாட்டியதாகப் பாடுகிறது. அதன்பின் ஆதித்தன் ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ எனத் தன் கல்வெட்டுகளில் குறிக்கப்பெறுகிறான்.

‘தலைகொள்ளுதல்’ உண்மையாகவே தலையைத் துணித்தலா, அன்றிப் பணியச் செய்தலைக் குறிக்கும் வழக்கா என்னும் ஐயம் முன்பே எழுப்பப்பட்டுள்ளது. இக்கட்டுரைக்கு அதனினும் முதன்மையானது அவ்வடைமொழிகளின் இணைநிலை. ‘சோழன் தலைகொண்ட’ என்பதற்கு எதிரொலியாகவே ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்பது அமைகிறது. ஓர் அரசன் தன் மெய்ப்புகழாகப் பறைசாற்றியதை எதிரி தன் அடைமொழியால் திருப்பிச் செலுத்துகிறான். போர்ப்பழி என்னும் உணர்வு அக்காலத்தில் மறைவாக இருந்ததன்று. அது மன்னரின் பெயருக்கு முன்னே நின்றது. ஒவ்வோர் ஊர்ச்சபையின் விற்பனைப் பத்திரத்திலும் விளக்குக் கொடையிலும் எழுதப்பட்டது. உத்தரமேரூர் போன்ற ஊர்களில் கிடைக்கும் பார்த்திவேந்திரவர்மனின் கல்வெட்டுகளிலும் இவ்வடை உண்டு. அவனும் ஆதித்தனும் ஒருவரே என்னும் கருத்தை ஏற்பாரும் மறுப்பாரும் உளர்.

ஆகவே, ஓர் ஆவணம் ஆதித்தனைப் ‘பாண்டியன் தலைகொண்ட கரிகாலச் சோழன்’ எனக் குறிப்பிடுமாயின், அது அவன் பெயரை முறைப்படி எழுதுகிறது என்பதே முதற்பொருள். கொலைக்குக் காரணம் கூறுகிறது என்பது நாம் ஏற்றும் பொருள்.

உடையார்குடி ஆணை

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிற் சுவரில் உள்ள கல்வெட்டு, கோவிராசகேசரிவர்மரின் 2ஆம் ஆட்சியாண்டுக்கு உரியது. இது முதலாம் இராசராசனைக் குறிப்பதாகக் கொள்வர். எனின் காலம் ஏறத்தாழ 987 ஆகும். கே. ஏ. நீலகண்ட சாத்திரி இதனை ‘எபிகிராபியா இண்டிகா’வின் 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். அன்று இவ்வூரின் பெயர் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். முதற் பராந்தகனின் விருதுப் பெயரால் அமைந்த பிரமதேயம். அவ்வூர்ப் பெருங்குறிச் சபையார்க்கு அரசன் விடுத்த திருமுகமே கல்வெட்டின் முற்பகுதி.

திருமுகம் சொல்வது இது: கரிகாலச் சோழனைக் கொன்று துரோகிகளான சோமன், அவன் தம்பி இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன், உடன்பிறந்த மலையனூரான் ஆகியோரின் உடைமைகள் அரசாணைக்கு உட்பட்டன. சோமனின் பெயரை அடுத்துச் சில எழுத்துகள் சிதைந்துள்ளன. இவர்களின் உடைமைகள் மட்டுமல்ல. தம்பியர், மக்கள், பேரப்பன்மார், பெண் கொடுத்த மாமன்மார், தாயுடன் பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தோர், மக்களை மணந்தோர் ஆகிய அனைவரின் உடைமைகளும் அடங்கும். கொட்டையூர்ப் பிரமசிரீராசனும் புள்ளமங்கலத்துச் சந்திரசேகர பட்டனும் மேற்பார்வையிட, அவற்றைச் சபையார் விற்றுப் பொருளைக் கருவூலத்தில் சேர்க்கவேண்டும். கல்வெட்டின் பிற்பகுதியில், அவ்வாறு விற்ற நிலத்தையும் மனைகளையும் ஒருவர் வாங்கிப் பிராமணர்க்கு உணவளிக்கும் அறத்திற்கு விட்ட செய்தி வருகிறது. கல்லில் இவ்வாணை ஏறியதற்கு அந்த அறமே காரணம். கொலையை உலகறியச் செய்தல் இதன் நோக்கமன்று. வாங்கிய நிலத்திற்கு மூலப்பத்திரம் காட்டுதலே நோக்கம். இன்றைய வழக்கில் கூறின், இது தீர்ப்புரையன்று, கிரயப்பத்திரத்தோடு இணைத்த தாய்ப்பத்திரம்.

இந்த வேறுபாடு பெரிது. தீர்ப்புரை என்றால் குற்றம், சான்று, காரணம், தண்டனை என்பவற்றை அதில் தேடலாம். கிரயப்பத்திரத்தில் தேடத்தக்கது உரிமை எவ்வாறு கைமாறியது என்பதே. ஆகவே கொலை எங்கே நிகழ்ந்தது, எவர் கண்டனர், எப்போது பிடிபட்டனர், உயிர்த்தண்டனை உண்டா என்பன எவையும் கல்லில் இல்லை. குற்றவாளிகள் பிராமணர் ஆதலின் கொல்லப்படவில்லை எனத் தருமநூல் மரபைச் சுட்டி உரைப்பாரும் உளர். கல்வெட்டு அதனைக் கூறவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கொன்றோரின் சாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இருபதாம் நூற்றாண்டின் சமூக வழக்குகளை அதன்மேல் ஏற்றுவதும், அதற்கு எதிராகக் கல்வெட்டின் செய்தியையே மழுப்புவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். வாங்கியவரின் அறமும் பிராமணர்க்கு உணவளிப்பதே. விற்ற சபையும் பிராமணச் சபையே. கண்காணித்தோரும் அம்மரபினரே எனப் பெயர்களால் அறியலாகிறது.

கல்வெட்டு விரித்துரைப்பது ஒன்றே ஒன்றைத்தான்: உறவுமுறை. தந்தைவழி, தாய்வழி, கொண்டவழி, கொடுத்தவழி என நான்கு திசையிலும் வலை விரிக்கப்படுகிறது. சகோதரியை மணந்தவன் கொலையில் என்ன பங்கு கொண்டிருப்பான் என்னும் வினாவுக்கு இங்கு இடமில்லை. துரோகம் என்பது தனிமனிதன் செயலாகவன்றிக் குடும்பத்தின் மேல் படியும் கறையாகக் கருதப்பட்டதை இப்பட்டியல் காட்டுகிறது. மூன்றாம் இராசராசன் காலக் கல்வெட்டுகளிலும் துரோகிகளின் நிலம் பறிமுதலாகி விற்கப்பட்ட செய்திகள் உண்டு. பழிவாங்கல் என்னும் சொல்லை இக்கல்வெட்டிலிருந்து பெறவேண்டுமாயின், கொன்றோர் பக்கத்தில் அன்று, அரசின் பக்கத்திலேயே அதனைப் பெறமுடியும்.

‘பஞ்சவன்’ என்னும் பட்டம்

பாண்டியர் பழிவாங்கினர் என்பார்க்குக் கல்வெட்டில் கிடைக்கும் பிடி இரண்டு. ஒன்று, மேலே கூறிய அடைமொழி. மற்றது, இரவிதாசனின் ‘பஞ்சவன் பிரமாதிராசன்’ என்னும் பட்டம். பஞ்சவன் என்பது பாண்டியனுக்குரிய பெயர் ஆதலின், இரவிதாசன் பாண்டிய அரசில் உயர்பதவி வகித்தவன் என்றும், தன் அரசனுக்காகவே கொலை புரிந்தான் என்றும் வாதிடுவர்.

இவ்வாதம் மேலோட்டமாகப் பார்க்க வலியது போலத் தோன்றும். ஆயின் பஞ்சவன் என்னும் பெயர் சோழர் அவையிலும் வழங்கிற்று. இராசராசனின் தேவியருள் ஒருவர் பஞ்சவன் மாதேவி. அவர்க்குரிய பள்ளிப்படை பழையாறைப் பகுதியில் உள்ளது. இளவரசனாக இருந்த இராசேந்திரனைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் ‘பஞ்சவன் மாராயன்’ என்னும் பட்டமும் கருநாடகக் கல்வெட்டால் அறியப்படுகிறது. வென்ற நாட்டின் பெயரைத் தம் பட்டத்தில் சூடுதல் சோழர் வழக்கம். எனவே அப்பட்டம் பாண்டியன் அளித்ததாகவும் இருக்கலாம். பாண்டியனை வென்ற சோழன் அளித்ததாகவும் இருக்கலாம். அவன் தம்பி பரமேசுவரனின் பட்டம் இவ்வையத்திற்கு இடந்தரவில்லை. ‘இருமுடிச்சோழ’ என்பது வெளிப்படையான சோழப் பட்டம். ஒரே வீட்டில் பிறந்து, சோழ நாட்டின் நடுவே உள்ள பிரமதேயத்தில் நிலவுரிமை பெற்று, அதே ‘பிரமாதிராசன்’ என்னும் உயர்நிலையில் இருந்த உடன்பிறந்தோருள் ஒருவனைப் பாண்டியன் ஆளாகவும் மற்றவனைச் சோழன் ஆளாகவும் பிரித்தல் அரிது. இவர்கள் சோழ அரசின் அலுவலர் என்பதே இயல்பாகப் பெறப்படும் பொருள். துரோகி என்னும் சொல்லும் இதற்கே துணை செய்கிறது. பகைவன் கொன்றால் அவன் பகைவனே; உண்ட வீட்டிற்கு இரண்டகம் செய்தவனே துரோகி.

இங்ஙனம் கூறுவதால் பாண்டியத் தொடர்பு இல்லை என்று நிறுவியதாகாது. சோழ அலுவலர் பாண்டியர் பொருட்டுச் செயற்பட்டிருக்கவும் கூடும். ஆனால் அது கல்வெட்டின் கூற்றன்று.

இடைப்பட்ட ஆண்டுகள்

கொலை ஏறத்தாழ 969இல் நிகழ்ந்ததாகக் கொள்வர். ஆணையோ 987 அளவில். இடையில் உத்தம சோழனின் ஆட்சி கழிந்தது. இந்த இடைவெளியே நீலகண்ட சாத்திரியை உத்தமன்மேல் ஐயுறச் செய்தது. மக்கள் அருண்மொழியை அரசேற்க வேண்டியபோது, சிறிய தந்தை நாட்டை விரும்பும் வரை தான் அதனை விரும்பேன் என அவன் மறுத்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுவதை அவர் இதனோடு இணைத்தார். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் ‘பிற்காலச் சோழர் சரித்திர’த்தில் இதனை ஏற்கவில்லை. உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசன் ஆட்சியில் கோயில்களை ஆராயும் பொறுப்பில் இருந்ததும், இராசராசன் தன் மகனுக்கு மதுராந்தகன் என்னும் பெயரே சூட்டியதும் சாத்திரியின் கருத்துக்கு எதிராக நிற்கும் செய்திகள். தமையனைக் கொல்வித்தவன் பெயரை எவரும் தம் மகனுக்கு வைப்பதில்லை.

மேலும் ஒன்று. 987 என்பது விற்பனைக்குரிய ஆண்டே. குற்றம் வெளிப்பட்ட ஆண்டு அன்று. அவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டமையாலேயே ‘பதினாறு ஆண்டுகளுக்கு மேல் மறைக்கப்பட்ட உண்மை’ என்னும் தொடர் பிறந்தது. பறிமுதல் முன்பே நிகழ்ந்து விற்பனை பின்னர் நடந்திருக்கவும் வாய்ப்புண்டு. உண்மையைக் கண்டறிந்தவன் ஒருவன் இருந்தான் என்றால், அவன் எப்போது, எவ்வாறு கண்டறிந்தான் என்பதற்குக் கல்லில் ஓர் எழுத்தும் இல்லை.

புனைவின் இளவீரன்

அவ்வெற்றிடத்தில்தான் கல்கி வல்லவரையன் வந்தியத்தேவனை நிறுத்தினார். வந்தியத்தேவன் கற்பனைப் பெயரன்று. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு, இராசராசனின் தமக்கை குந்தவையாரை வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் எனக் குறிக்கிறது. ஆயினும் கொலையோடும் சதியோடும் அவனைத் தொடர்புபடுத்தும் கல்வெட்டு எதுவும் இல்லை. பெயரும் மண உறவும் வரலாறு, மற்றவை புனைவு.

புதினத்தின் முதற்காட்சி ஆடிப் பதினெட்டாம் நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. குதிரைமேல் தனியே வரும் இளைஞன், காஞ்சியிலிருந்து ஆதித்த கரிகாலன் கொடுத்த ஓலையைத் தாங்கியுள்ளான். அந்த ஏரி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்தின் ஏரி. கொன்றோரின் உறவினர் நிலங்கள் பின்னாளில் விலைபோன ஊரின் கரையிலேயே, கொலை நிகழும் முன்னர்ச் சதியைத் துப்பறியப் போகும் வீரனைக் கல்கி நுழைய விட்டிருக்கிறார். கல்வெட்டு முடித்த இடத்தில் புதினம் தொடங்குகிறது. அன்றிரவே அவன் கடம்பூர் மாளிகையில் சிற்றரசர்களின் மந்திராலோசனையைக் கேட்கிறான்.

இங்கே பெரும்பாலும் கவனிக்கப்படாத நுட்பம் ஒன்றுண்டு. வந்தியத்தேவன் அன்று கேட்டது மதுராந்தகனை அரியணை ஏற்றும் அரசுரிமைச் சதியையே. பாண்டியன் ஆபத்துதவிகளின் பழிவாங்கும் சதியைத் திருப்புறம்பயம் பள்ளிப்படையருகே மறைந்திருந்து முதலில் கேட்பவன் ஆழ்வார்க்கடியான் நம்பி. சாத்திரியின் கருத்துக்கு இசைந்த ஒரு சதி, பாண்டியர் பழி என்னும் மற்றொரு சதி என இரண்டையும் கல்கி தனித்தனி இழைகளாக்கி, இருவேறு செவிகளில் விழச் செய்து, பின்னரே கடம்பூரில் முடிச்சிடுகிறார். வரலாற்றறிஞர் ஒன்றை ஏற்று ஒன்றை விலக்கவேண்டிய இடத்தில் புதின ஆசிரியர் இரண்டையும் ஏற்றார். கொலை நிகழும்போது வந்தியத்தேவன் அவ்விடத்திலேயே இருந்தும் தடுக்க இயலாதவனாகிறான். பழியும் அவன்மேலேயே விழுகிறது. கொன்ற கை எது என்பதைப் பலவாறு எண்ண இடம்விட்டே கல்கி செல்கிறார். இவ்வடக்கம் அவர் சான்றுகளின் எல்லையை உணர்ந்திருந்தமையைக் காட்டுகிறது. அவருடைய வாசகர் பலர் அவ்வெல்லையைப் பொருட்படுத்தவில்லை.

ஆபத்துதவிகள் பற்றியும் ஒரு குறிப்பு வேண்டும். மன்னன் இறந்தால் அவன் சிதையில் தாமும் விழுந்து மாயும் அணுக்க வீரரைக் குறித்துப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதியுள்ளார். அம்மரபின் கடன் உடன் மாய்தல். பின்னிருந்து பழிதீர்த்தல் அன்று. ஒற்றியூர் வல்லபனை வாட்டியதும் உடன் மாயாமையே. மாயாது எஞ்சியவர் பழிவாங்கியே கடன் தீர்ப்பர் என்னும் மாற்றத்தைக் கல்கி செய்தார். நந்தினி கையில் உள்ள மீன் இலச்சினை பொறித்த வாள், நள்ளிரவுச் சூளுரை ஆகியன அம்மாற்றத்தின் உறுப்புகள். கதைக்கு அது இன்றியமையாதது. கங்கைக்குச் செல்லும் வீரனைக் கொண்டு ஐந்து பாகப் புதினம் எழுத இயலாது.

சதியைக் காண்பவன் ஏன் இளைஞனாகவும் புதியவனாகவும் இருக்கவேண்டும்? தக்கோலமும் சேவூரும் அவனுக்குச் செவிவழிச் செய்திகள். பழுவேட்டரையர், மலையமான், சம்புவரையர் என முதியோர் அனைவரும் ஏதேனும் ஒரு போரின் தழும்பையும் பழைய வஞ்சினத்தையும் சுமக்கின்றனர். அவ்வஞ்சினங்கள் அவர்க்கு இயல்பாகிவிட்டமையால் அவை அவர் கண்ணுக்குப் புலனாவதில்லை. நினைவுச் சுமை இல்லாத புதியவனுக்கே அவை வியப்பூட்டுகின்றன. கேள்வி கேட்கத் தூண்டுகின்றன. அவனோடு வாசகனும் கேட்கிறான். துமாவின் ‘மூன்று படைவீரர்க’ளில் நாட்டுப்புறத்திலிருந்து கடிதத்தோடு தலைநகர் செல்லும் இளைஞனை இதனோடு ஒப்பிடுவது வழக்கம். ஆயினும் துமாவின் இளைஞன் அரசவையின் சூழ்ச்சிகளுள் நுழைகிறான்; வந்தியத்தேவன் முந்தைய தலைமுறையின் போர்களுள் நுழைகிறான். ஒப்புமை கதைத்தொடக்கத்தோடு நின்றுவிடுகிறது.

மேலாய்வுக்குரியன

திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்னும் பெயர் வல்லபனோடு முடியவில்லை. முதலாம் இராசேந்திரன் காலத்தில் இரவி என்னும் தச்சன் கோயில் விமானத்தைக் கருங்கல்லால் எடுத்தபோது, அப்பணியை ஏவியவரும் ஒரு சதுரானன பண்டிதரே. மடத்தலைவர்க்குரிய பட்டமாக அது நிலைத்தமை இதனால் தெளிவாகும். ஒருவரின் பெயர் எவ்வாறு பட்டமாக மாறித் தலைமுறைகளைக் கடந்தது என்பதை ஒற்றியூர்க் கல்வெட்டுகளின் வரிசையால் நிறுவமுடிவது போல, ‘பஞ்சவன்’ என்னும் முன்னொட்டுடைய பட்டங்களையும் காலமுறைப்படித் தொகுத்தல் வேண்டும். வீரபாண்டியன் வீழ்ச்சிக்கு முன் சோழநாட்டு அலுவலர் எவரேனும் அப்பட்டம் தாங்கினரா, பின்னரே அது பெருகிற்றா, பிரமாதிராசன் என்பதோடு எங்கெங்கே இணைந்து வருகிறது என்பன அதனால் வெளிப்படும். ஆதித்தன் வெற்றிக்குப் பின் சோழர் அளித்த பட்டமாக அது உறுதிப்படின், அந்த வெற்றியால் உயர்வு பெற்றவனே வென்றவனைக் கொன்றான் என்னும் நிலை எழும். அப்போது பாண்டியர் பழி என்னும் விளக்கத்திற்குக் கல்வெட்டில் எஞ்சுவது ஆதித்தனின் அடைமொழி மட்டுமே.